கடல்தேள் கழற்றிய சட்டை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சங்க இலக்கியத்தில் நெய்தல் என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். வகுப்பறையில் ஆண்டுதோறும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆகவே, ஒரு மாற்றத்திற்காகக் கடலை மட்டும் வைத்துக்கொண்டு இலக்கியத்தைச் சிறிது நேரம் விலக்கிவைக்க இசைவு கேட்டேன். அவரும் பெருந்தன்மையோடு இசைந்தார். இன்று நான் பேசப்போவது ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவ்வுலகை விட்டு முற்றாக மறைந்த ஓர் உயிரினத்தைப் பற்றி. முடிக்கும்போது பாட்டுக்கே வந்து சேர்வேன்; அதுவரை கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

முன்வரிசையில் ஒரு சிறு கல்லைக் கொடுத்திருக்கிறேன். கை மாற்றிக் கை மாற்றிப் பின்வரிசை வரை அனுப்புங்கள். சாம்பல் நிறக் கல்லின் மேல் பழுப்பாக ஒரு முள் தெரிகிறதல்லவா? இரண்டு விரற்கடை நீளம் இருக்கும். அதன் அடியில் மூன்று கணுக்களும் தெரியும். அது கடல்தேள் என்று பொதுவாக வழங்கப்படும் உயிரின் வால் முள். வயது ஏறத்தாழ 42 கோடி ஆண்டு. அதை எடுத்தவள் நானே. அதைப் பாதி அழித்தவளும் நானே. அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் உயிரைச் சொல்லிவிடுகிறேன். நண்டு, சிலந்தி, தேள் போலக் கணுக்கால் கொண்ட உயிர்களுள் ஒரு பிரிவு இது. தலையும் மார்பும் ஒன்றாகி ஒரே கவசத்தினுள் அடங்கியிருக்கும். அதன்மேல் இரு பெரிய கூட்டுக்கண்கள். கவசத்தின் அடியில் ஆறு இணை உறுப்புகள். முதல் இணை இரையைப் பற்றும் கொடுக்கு. கடைசி இணை பல இனங்களில் துடுப்பாக அகன்றிருக்கும். பின்னுடலில் 12 கணுக்கள், இறுதியில் வால். ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பெர்மியன் காலத்தின் முடிவுக்குள் அற்றுப்போன குடி இது. இதுவரை ஏறத்தாழ 250 இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஒரு சாண் அளவினவும் உண்டு. நம்மில் எவரையும்விட நீண்டவையும் உண்டு.

கடல்தேள் என்றேன். அப்பெயரில் கடலும் முழு உண்மையன்று, தேளும் முழு உண்மையன்று. இவற்றுள் பல உவர்க்கழிகளிலும் நன்னீரிலும் வாழ்ந்தவை. தேளுக்கு இவை உறவேயன்றித் தேள் அல்ல. உறவின் நெருக்கம் எவ்வளவு என்பதில் அறிஞரிடையே இன்றும் வழக்கு உண்டு. சிலர் சிலந்தி, தேள் குடும்பத்தின் பக்கம் சேர்ப்பர், சிலர் குதிரைலாட நண்டின் பக்கம் சேர்ப்பர். பெயரை இவ்வளவு பிழையாகச் சுமந்த உயிர் வேறொன்று உண்டா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. ஏனெனில் தேளுக்கு முன் அது மீனாக இருந்தது; ஓரிடத்தில் வானவனாகவும் இருந்தது.

1818ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் மிச்சில் என்னும் மருத்துவரிடம் ஒரு புதைபடிவம் வந்தது. அவர் இயற்கையியல் அறிஞர், அரசியலிலும் இருந்தவர். தலைப்பக்கத்தில் மீசைபோல் நீண்டிருந்த உறுப்புகளைக் கண்டு, இது கெளுத்தி மீன் என்று முடிவுகட்டினார். மீசையிருந்தால் கெளுத்திதானே! நம் ஊர்க் குளத்து மீன்காரரும் அவ்வாறே சொல்லியிருப்பார். ஏழாண்டு கழித்து, 1825இல், ஜேம்ஸ் டி கே என்பவர் அதனை ஆராய்ந்து மீசை அன்று, கால் என்று கண்டார். ‘அகன்ற சிறகு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் யூரிப்டெரஸ் என்றும், துடுப்புக்கால் எனப் பொருள்பட ரெமிபெஸ் என்றும் பெயர் சூட்டினார். மீன் போயிற்று, ஆனால் சிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சிறகுக்கு இன்னொரு கதை உண்டு. ஸ்காட்லாந்தின் ஃபார்ஃபார்ஷயர் பகுதியில் கல் உடைத்த தொழிலாளர், பலகைக் கற்களைப் பிளக்கும்போது செதில் செதிலாகக் கோலமிட்ட பெரிய துண்டுகளைக் கண்டனர். கோயில் சிற்பங்களில் வானவர்க்குச் செதுக்கும் இறகு வரிசைபோல் அவை இருந்தன. எனவே அவற்றை ‘செராஃபிம்’ என்றே அழைத்தனர். செராஃபிம் என்பது விவிலியத்தில் வரும் சிறகுடைய வானவரின் பெயர். லூயி அகாசி என்னும் பேரறிஞர் 1839இல் அவ்வுயிருக்கு டெரிகோட்டஸ், அதாவது சிறகுடையது, என்று பெயரிட்டார். அவரும் அதை முதலில் மீன் என்றே கருதினார். 1844க்குள் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். கல்தச்சராக இருந்து எழுத்தாளரான ஹியூ மில்லர் 1841இல் வெளியிட்ட ‘பழைய செம்மணற்கல்’ என்னும் நூலில் தொழிலாளரின் அந்தச் சொல்லைப் பதிந்துவைத்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது. சொல் கிடைத்தது, அதை முதலில் சொன்னவர் யார் என்பது கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் ஒன்று சொல்லலாம். மிச்சில் செய்ததும் கல்லுடைப்பவர் செய்ததும் உவமைதான். அறியாத பொருளை அறிந்த பொருளால் பிடித்துப் பார்த்தனர். உவமை இல்லாமல் அவர்களால் அக்கல்லைக் கண்டிருக்கவே இயலாது. வெறும் கறை என்று தூக்கி எறிந்திருப்பர். ஆனால் அறிவியலார் தம் உவமையை ஏழாண்டில், ஐந்தாண்டில் கைவிட்டுவிடுகின்றனர். நாமோ நிலவு முகத்தை இன்னும் விடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவ்வளவே.

இனி என் கல்லுக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு விடுமுறையில் ரோசெஸ்டர் நகரில் இருக்கும் என் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலிருந்து கனடாவின் தென் ஒண்டாரியோ வரை, பெர்ட்டி என்னும் பாறைத் தொகுதி மண்ணடியில் ஓடுகிறது. உலகில் கடல்தேள்கள் மிகுதியாகக் கிடைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. யூரிப்டெரஸ் ரெமிபெஸ் 1984ஆம் ஆண்டு முதல் அம்மாநிலத்தின் அடையாளப் புதைபடிவமும் ஆகும். நமக்கு மரகதப்புறாபோல, அவர்களுக்கு ஓர் இறந்த தேள்.

அந்தப் பாறையை அங்கு ‘நீர்ச்சுண்ணாம்பு’ என்பர். அதைச் சுட்டுப் பொடித்தால் நீருக்கடியிலும் இறுகும் சிமெண்டு கிடைக்கும். 1817 முதல் 1825 வரை ஈரிக் கால்வாய் வெட்டப்பட்டபோது இவ்வகைச் சுண்ணாம்பின் அருமை தெரியவந்தது. பின் நெடுங்காலம் சிமெண்டுக்காகக் குவாரிகள் தோண்டப்பட்டன. தொல்லுயிரைத் தேடி எவரும் தோண்டவில்லை. சிமெண்டுக்குத் தோண்டியபோது தேள் வந்தது. பஃபலோ நகரத்துச் சிமெண்டுக் குழுமத்தின் குவாரியில் கிடைத்தவற்றை அதன் உரிமையாளரான லூயிஸ் பென்னெட் அந்நகர இயற்கை அறிவியல் கழகத்திற்கு வழங்கினார். அத்தகைய சேகரங்களை ஆதாரமாகக் கொண்டே கிளார்க், ரூடமன் என்னும் இருவரும் 1912இல் நியூயார்க்கின் கடல்தேள்களைப் பற்றிய பெருநூலை இரு தொகுதிகளாக எழுதினர். கல்லைப் பிளந்து ‘இதோ ஒன்று’ என்று எடுத்து ஓரமாக வைத்த கூலியாள் இல்லையேல் இருவர்க்கும் எழுத ஒன்றும் இருந்திராது.

அந்தக் கடல் எப்படி இருந்தது? ஆழமற்ற, வெயிலில் வற்றிய உவர்நீர்ப் பரப்பு. சில படுகைகளில் உப்புப் படிகம் அமர்ந்து கரைந்துபோன அச்சுகள் இன்றும் சதுரம் சதுரமாகத் தெரிகின்றன. வேதாரண்யம் உப்பளத்தின் பாத்தியைக் கண்டவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அத்தகைய இடத்தில் இத்தனை உயிர்கள் ஏன் செத்துக் கிடந்தன என்று நெடுங்காலம் வியந்தனர். விடை எளிமையானது: அவற்றுள் பெரும்பாலானவை செத்துக் கிடக்கவேயில்லை.

அவை சட்டைகள். பாம்பு சட்டையுரிப்பதுபோல், நண்டு ஓடு கழற்றுவதுபோல், கடல்தேளும் வளரும்போதெல்லாம் தன் புறவோட்டைக் கழற்றியது. தலைக்கவசத்தின் முன்விளிம்பு பிளக்கும். அவ்வழியே மெல்லிய புதிய உடலோடு உயிர் வெளியேறும். பழைய ஓடு சேற்றில் தங்கும். அதனால்தான் புதைபடிவத்தில் கவசம் சற்றே திரும்பிக் கிடக்கும், கால்கள் பிரிந்து கிடக்கும். உரித்த சட்டைகளை அலை ஒதுக்கி வரிசையாகக் கரையோரம் சேர்த்த இடங்களும் உண்டு. சட்டையுரிக்கவும் இணைசேரவும் கூட்டமாக அவை ஒதுக்கமான நீர்நிலைக்கு வந்தன என்று கருதுவோர் உண்டு. எனவே அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு பிணம் அன்று. உயிரோடு எழுந்து போன ஒன்றின் ஆடை. ஒரே உயிர் பல சட்டைகளைக் கல்லுக்குத் தந்திருக்கலாம். அந்த ஓட்டின் பொருளும் முற்றாகக் கல்லாகிவிடவில்லை. பழமையான ஒரு யூரிப்டெரஸ் ஓட்டில் கைட்டின் என்னும் பொருளின் வேதிச் சுவடு எஞ்சியிருப்பதை 2011இல் கண்டறிந்தனர்.

ஸ்வீடன் நாட்டு கெர்ஹார்ட் ஹோம் என்பவரின் பொறுமையை எண்ணி நான் பல நாள் வியந்ததுண்டு. எஸ்தோனியாவின் சாரெமா தீவில் கிடைத்த கடல்தேள்களை அவர் கல்லிலிருந்து செதுக்கி எடுக்கவில்லை. அமிலத்தில் கல்லைக் கரைத்தார். கல் கரைந்தது, ஓடு கரையவில்லை. 42 கோடி ஆண்டுப் பழமையான சட்டை, நேற்றுக் கழற்றியதுபோல் மெல்லிய தாளாகத் தனியே வந்தது. அதன் மயிர்களைக்கூட நுண்ணோக்கியில் கண்டு 1898இல் அவர் வெளியிட்ட விளக்கத்தை இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர்.

ஹோமின் பொறுமையில் நூற்றில் ஒரு பங்கும் எனக்கு இல்லை. தங்கையும் அவள் கணவரும் நானும் ரோசெஸ்டரிலிருந்து கிழக்கே ஹெர்க்கிமர் வட்டாரத்துத் தனியார் குவாரி ஒன்றுக்கு, உரிமையாளரின் இசைவு பெற்றுச் சென்றோம். வழிகாட்ட ஒரு முதியவர் இருந்தார். சுத்தியலும் உளியும் தந்தார். கண்ணைக் காக்கக் கண்ணாடியும் தந்தார். நீர்ச்சுண்ணாம்புக் கல் நேராகப் பிளக்காது, சிப்பிபோல் வளைந்து உடையும். காலை முழுவதும் உடைத்தும் ஒன்றும் வரவில்லை. உச்சிவெயிலில், வெட்டிக் குவித்திருந்த கற்குவியலில் ஒன்றை எடுத்து விளிம்பில் தட்டினேன். அது புத்தகம் விரிவதுபோல் இரண்டாகத் திறந்தது. ஒரு பக்கத்தில் இந்த முள். நான் கூவிய கூவல் அந்தப் பள்ளம் முழுதும் கேட்டிருக்கும். கையிலிருந்த மற்றொரு பாதியை எங்கோ போட்டுவிட்டு, இதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

முதியவர் பார்த்தார். மகிழ்ந்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். மற்றப் பாதி எங்கே? எந்தப் படுகையிலிருந்து வந்தது? எந்தப் பக்கம் மேல்?

ஒன்றுக்கும் விடை இல்லை. கல் பிளக்கும்போது உருவம் இரு பக்கத்திலும் பிரிந்து தங்கும். ஒரு பக்கத்தில் ஓடும் மறுபக்கத்தில் அதன் அச்சும் இருக்கலாம், ஒரு காலின் நுனி இதில் ஒட்டாமல் அதில் ஒட்டியிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்று. அரை மணி நேரம் நால்வரும் தேடினோம். ஆயிரம் சாம்பல் நிறக் கற்களிடையே ஒரு சாம்பல் நிறக் கல். கிடைக்கவில்லை. முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு சிறு தாளை எடுத்து நாளையும் குவாரியின் பெயரையும் எழுதினார். படுகை என்ற இடத்தில் ‘குவியலிலிருந்து’ என்று எழுதினார். பின் பேனாவை என்னிடம் நீட்டி, கண்டெடுத்தவர் பெயரை எழுதச் சொன்னார். என் பெயர் எதற்கு என்று கேட்டேன். நாளை ஒருவருக்கு ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்றார். தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.

அந்த நிலத்துச் சேகரிப்பாளரிடையே சாமுவேல் சியூர்கா என்னும் பெயர் பெரிது. ரோசெஸ்டர்க்காரர். பல்லாண்டுகள் குவாரி குவாரியாக அலைந்து பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டி, யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்திற்கு அளித்தவர். எண்ணிக்கை பெரிதன்று, எந்த மாதிரி எந்தப் படுகையினது என்பதில் அவர் கருத்தூன்றியதே பெரிது. அவ்வட்டாரப் பாறைப் படுகைகள் சிலவற்றைப் பிரித்தறிந்து பெயரிட்டவரும் அவரே. அதனால்தான் அறிஞர்கள் அவருடைய சேகரத்தைக்கொண்டு எந்த இனம் முன், எந்த இனம் பின் என்று பேச முடிகிறது. ஒரு கடல்தேள் பேரினத்திற்கு சியூர்காப்டெரஸ் என்று அவர் பெயரையே சூட்டியுள்ளனர். அதே பத்தாயிரமும் சீட்டு இல்லாமல் ஓர் அறையில் கிடந்திருந்தால் அவை அழகிய பலகைக் கற்கள், அவ்வளவே.

2007இல் வெளியான மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் வில்வெராத் குவாரியில் மார்க்கஸ் போஷ்மன் என்னும் ஆய்வாளர், சுத்தியலும் உளியுமாகக் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, புதிதாகப் பெயர்ந்த பலகையில் கருமையான ஒரு திட்டைக் கண்டார். துடைத்துப் பார்த்தார், அது ஒரு பெருங்கொடுக்கின் சிறு பகுதி. பல துண்டுகளாக எடுத்து, தூய்மை செய்து, ஒட்டி முடித்தபோது அக்கொடுக்கு முழுமையில் 46 செ.மீ. இருந்திருக்கும் என்று தெரிந்தது. அதற்குரிய உயிர் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளம். இதுவரை அறிந்த கணுக்காலிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஒரு கொடுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஆனால் எங்கே, எந்தக் கல்லில், எவர் கையால் என்பதெல்லாம் உடன் இருந்ததால் அந்த ஒரு கொடுக்கே உலகுக்குப் போதுமானதாயிற்று.

பாட்டுக்கு வருவேன் என்றேன். வந்துவிட்டேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு எங்கள் வட்டாரத்து ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது என்பதைச் சிலர் அறிவீர்கள். ஒலிநாடாவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தேன். 214 பாடல்களைப் பதிந்தேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவை அனைத்தும் உள்ளன. உவமை, உருவகம், தொடை எல்லாவற்றையும் அட்டவணையிட்டிருக்கிறேன். பாடியவர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? ‘ஓர் அம்மையார், வயது ஏறத்தாழ 60.’ ‘ஒரு மூதாட்டி.’ ‘மேற்படி.’ பட்டம் கிடைத்தது; வாய்மொழித் தேர்வில் எவரும் அதைக் கேட்கவில்லை. குவாரியில் கேட்ட அந்த மூன்று கேள்விகளை எனக்கு அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஊர் திரும்பிய மறு ஆண்டு, இளங்கலை முதலாண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றாள். “அம்மா, எங்க அம்மாயி பாட்டு உங்க புத்தகத்துல இருக்குன்னு ஊர்ல சொல்றாங்க. எதுன்னு காட்டுறீங்களா? அவங்க இறந்துட்டாங்க. குரல்கூட எங்ககிட்ட இல்லம்மா” என்றாள். ஊரைச் சொன்னாள். அந்த ஊரில் ஒரே நாளில் பதினொரு பாடல்கள் பதிந்திருந்தேன். பதினொன்றும் ‘ஒரு மூதாட்டி’. ஒருவரா, மூவரா என்றுகூட என்னால் சொல்ல இயலவில்லை. பதினொன்றையும் படியெடுத்துக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிப் பெற்றுக்கொண்டாள். எந்தப் பாட்டை அவள் தன் அம்மாயியுடையதாக வைத்துக்கொண்டாளோ, அறியேன்.

கடல்தேளின் சட்டை கிடைத்தது, உயிர் எழுந்து போயிற்று என்றேனே, பாட்டும் அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஒப்பாரி எவருக்கும் சொந்தமன்று, அது மக்களின் பொதுச்சொத்து என்று நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அந்தப் பெண் என் மேசையருகே நின்றபோது அக்கட்டுரையை எடுத்துக் காட்ட எனக்கு வாய் எழவில்லை.

அதன்பின் விடுமுறைகளில் அதே ஊர்களுக்கு மறுபடியும் போய்வருகிறேன். நாடாக்களில் பாதி பூஞ்சை பிடித்துவிட்டன. எஞ்சியவற்றைக் கணினியில் ஏற்றி, திண்ணையில் அமர்ந்து ஊராரைக் கேட்கச் செய்கிறேன். “இது மேலத்தெரு அத்தை குரல்ல” என்று ஒருவர் சொல்வார். “இல்ல, அவங்க நாத்தனா” என்று இன்னொருவர் மறுப்பார். அந்த வழக்கு ஒரு பிற்பகல் முழுதும் நடக்கும். இன்றுவரை 61 பாடல்களுக்குப் பாடியவர் பெயர் உறுதியாகியுள்ளது. குடும்பத்தாரின் இசைவோடு அப்பட்டியலை நம் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். வட்டத்தின் நூலகத்தில் என் ஆய்வேட்டுப் படி ஒன்று இருக்கிறது. அதனுள் செருகி வைக்குமாறு வேண்டிக்கொண்டேன்.

மாணவியின் ஊரில் பதிந்த பதினொன்றுள் நான்கு தேறின. அவளுடைய அம்மாயி குரல் அந்நான்கில் இல்லை. மற்ற ஏழும் பூஞ்சை பிடித்த நாடாவில் இருக்கின்றன. பழைய ஒலிநாடாவைத் தூய்மை செய்யத் தெரிந்தவர் இந்த அவையிலோ, உங்களுக்கு அறிமுகமானவரிலோ இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பார்க்க வேண்டுகிறேன். கல் இதற்குள் கடைசி வரிசைக்குப் போயிருக்கும். திருப்பி அனுப்பும்போது அதன் அடியில் ஒட்டியுள்ள சீட்டு பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.